அப்பா தொலைத்த பைகள்

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். எல்லாக் கடிதத்திலும் வழக்கத்துக்காக எழுதும் வரிதான் இது, ஆனால் இந்தத் தடவை மருத்துவரிடம் போய்க் காட்டி, அவர் வாயால் கேட்டுக்கொண்டு வந்து எழுதுகிறேன், அதனால் நீ தாராளமாக நம்பலாம். உனக்குச் சளி விட்டதா, கதவிடுக்கில் காற்று வருகிறது என்றாயே, வீட்டுக்காரர் அதைச் சரிசெய்து கொடுத்தாரா. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுததிலிருந்து எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது, பெரியப்பாவுக்கு ஆனது போலவே ஆகப்போகிறது, நான் இந்த வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கே வந்துவிடுகிறேன், ராஜினாமா எழுதிவைத்துவிட்டேன் என்றாய். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். "நீ எதையும் முழுசா சொல்ல மாட்டேம்மா, பாதிய முழுங்கிடுவே" என்றாய். அன்றைக்கு நான் சொன்னது எனக்கே நிச்சயமாகத் தெரியாமல் சொன்னதுதான், அது என் குரலில் உனக்குத் தெரிந்திருக்கும். இப்போது நிச்சயமாகத் தெரியும். போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் திருத்தம் சொல்வார், நீயும் நடுநடுவே குறுக்கிடுவாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எதையும் முழுங்காமல் எழுதுகிறேன். இதைக் கடைசிவரை படித்து முடிக்கும்வரை அந்த ராஜினாமாத் தாளை உன் அலுவலகத்தில் யாரிடமும் கொடுத்துவிடாதே.

எல்லாம் நீ போட்ட சட்டத்திலிருந்துதான் ஆரம்பித்தது. போன விடுமுறையில் வந்தபோது சமையலறை இழுப்பறையைக் கவிழ்த்து, உள்ளே திணித்துவைத்திருந்த பிளாஸ்டிக் கவர்களையெல்லாம் தரையில் பரப்பி, இது வீடா கவர் கம்பெனியா என்று கேட்டாயே. உன் அறையின் பழைய நீலத் திரைச்சீலையை வெட்டி ஒரு அடுக்குத் துணிப்பைகள் தைத்துக் கொடுத்துவிட்டு, இனிமேல் கடையிலிருந்து ஒரு கவர் இந்த வீட்டுக்குள் வரக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனாய். அன்றிலிருந்து உன் அப்பா உனக்கு மேலிடம் என்று பெயர் வைத்திருக்கிறார். உன் போன் வந்தால் "மேலிடம் கூப்பிடுது, வா" என்கிறார். ஒரு வீடு கவர் வாங்காமல் இருந்தால் கடல் சுத்தமாகிவிடுமா என்று அன்றைக்கே உன்னிடம் கேட்டேன், இன்றைக்கும் அந்தக் கேள்வியை நான் கைவிடவில்லை. கல்லூரியில் இத்தனை வருஷம் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவளுக்கு யார் என்ன சொன்னாலும் உடனே நம்பிக்கை வராது. ஆனால் கண்ணால் பார்த்ததைச் சொல்ல வேண்டும். தினமும் நிரம்பி வழிந்த நம் குப்பைக்கூடை இப்போது இரண்டு மூன்று நாள் தாங்குகிறது, இழுப்பறையில் கரண்டிகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. சட்டத்தைக் கடைப்பிடிப்பது நீ நினைக்கிற மாதிரி சுலபம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மளிகைக்கடைக்காரர் நல்ல மனுஷர், நான் துணிப்பை நீட்டினால் மரியாதையாக வாங்கி, அதற்குள் ஒரு கவரை விரித்து, அதற்குள்தான் பருப்பைப் போடுகிறார். ஏன் என்று கேட்டால் "அழகான பையா இருக்கு மேடம், அழுக்காயிடக் கூடாதுல்ல" என்கிறார். இவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது. போன மாதம் அப்பா சுவர்க் கடிகாரத்துக்கு ஒரு முள் வரவழைத்தார். விரல் நீள முள். அது வந்த பெட்டியில் நம் பிரஷர் குக்கரே உட்காரும். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் காற்றடைத்த உறை, அதற்குள் நுரைத்தாள். உன் அப்பா தலையை உள்ளே விட்டுத் தேடிவிட்டு, "எல்லாம் அனுப்பியிருக்கான், முள்ள மட்டும் மறந்துட்டான்" என்றார். கடைசியில் அது நுரைத்தாளில் குத்திக்கொண்டு இருந்தது.

கடைக்குப் போவது அப்பாவின் வேலை, உனக்குத் தெரியும். வரைபட அலுவலகத்திலிருந்து நாலு மணிக்கே வந்துவிடுகிறார், நான் கல்லூரி முடிந்து வருவதற்குள் முதலில் காய்கடை, அடுத்து மளிகை, கடைசியாக பேக்கரி என்று ஒரு சுற்றுப் போய்விட்டு வருவார். மூன்று கடைக்கும் மூன்று பை, ஒன்றுக்குள் ஒன்றாக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார். சில மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒருநாள் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் விழுந்த சாக்ஸை எடுக்கலாம் என்று கையை விட்டேன், சாக்ஸ் வரவில்லை, கவர்கள் வந்தன. நாலாக மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, கட்டுக்கட்டாக. குடிக்கிறவர்கள் பாட்டிலை ஒளித்துவைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், கவரை ஒளித்துவைக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். நான் வருவதற்குள் சாமான்களை டப்பாவில் கொட்டிவிட்டுக் கவரை அங்கே சொருகியிருக்கிறார். கேட்டதற்கு "மேலிடத்துக்குச் சொல்லிடாதே தாயே" என்று சிரித்தார், உடனே வேறு பேச்சுக்குத் தாவிவிட்டார். அதற்குப் பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். நீ தைத்த பைகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன. அவருடைய பழைய சட்டைகளும் காணோம், கேட்டால் "எங்கயாவது இருக்கும்" என்றார். குளியலறையில் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே பதினேழாம் வாய்ப்பாடு ஒப்பிப்பது கேட்டது. சுவிட்சுகளுக்கு மேல் மோட்டார், வெளி விளக்கு என்று அழகான கட்டட எழுத்தில் எழுதி ஒட்டினார். ஒரு ஞாயிறு காலையில் என்னை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டி வால்வை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று இரண்டு தடவை திருப்பிக் காட்டச் சொன்னார். நான் சலித்துக்கொண்டேன். "எனக்கு எதுக்குங்க இதெல்லாம், நீங்கதான் இருக்கீங்களே" என்றேன். அவர் மூன்றாவது தடவையும் திருப்பிக் காட்டச் சொன்னார்.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. பெரியப்பாவும் முதலில் தொலைத்தது ஒரு குடையைத்தான். அப்புறம் சாவி, அப்புறம் வீட்டுக்கு வரும் வழி, அப்புறம் பெரியம்மாவைப் பார்த்து நீங்க யாரு என்று கேட்டது, எல்லாம் நீயும் பார்த்தாய். உன் அப்பாவுக்கும் அதே ரத்தம். எந்தக் கட்டடத்தின் அளவையும் தாளைப் பார்க்காமல் சொல்கிற மனுஷர் கையிலிருக்கும் பையைத் தொலைக்கிறார் என்றால் என்ன அர்த்தம். நான் என் பழக்கப்படி மனசுக்குள் கணக்கு வைக்க ஆரம்பித்தேன். ஒரு மாலையில் காய்கறி பையில் வந்திருக்கும், மளிகை ஒரு கவரில், ரொட்டி இன்னொரு கவரில். இரண்டு கவர், அதனால் இரண்டு மறதி. சட்டை காணோம் என்றால் அது தனி மறதி. அந்த வரைகோடு மேலே போய்க்கொண்டே இருந்தது, அதை யாரிடமும் சொல்லாமல் நானும் அவரைப் போலவே ஒளித்துவைத்திருந்தேன். அவரோ பயந்துபோய் உனக்கு வேலை நேரத்தில் போன் செய்து, ஒரு தடவை வந்துட்டுப் போம்மா, பார்க்கணும் போல இருக்கு என்று சொல்லியிருக்கிறார். ஏன் என்று நீ குடைந்து கேட்டதும் பையைத் தொலைப்பதையெல்லாம் கொட்டிவிட்டார். அதற்குப் பிறகுதான் உன் ஞாயிற்றுக்கிழமை அழுகை.

திங்கட்கிழமை எனக்கு மதியத்தோடு வகுப்பு முடிந்தது. நேராகக் காய்கடைக்குப் போனேன். அவர் அங்கே எப்படி நடந்துகொள்கிறார், தடுமாறுகிறாரா, சில்லறை எண்ணக் கஷ்டப்படுகிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று போனேன். நான் அந்தக் கடைக்குப் போவதே இல்லை, அவர்களுக்கு என்னைத் தெரியாது. குறுகலான கடை, முன்னால் வெங்காய மூட்டை, உள்ளே தராசு, தராசுக்குப் பக்கத்துச் சுவரில் வரிசையாக ஆணி. அந்த ஆணிகளில் உன் நீலத் திரைச்சீலை தொங்கிக்கொண்டிருந்தது. பைப் பையாக. அவற்றுக்கு நடுவே உன் அப்பாவின் கோடு போட்ட சட்டையும் பையாகத் தொங்கியது, பாக்கெட் அப்படியே இருந்தது, பாக்கெட்டில் பேனா மைக் கறையும் இருந்தது. நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஒரு பெண் தக்காளியை எடுத்துக்கொண்டு கவர் கேட்டாள். கடைக்கார அக்கா ஆணியிலிருந்து ஒரு நீலப் பையை எடுத்து, "சார் பையில போட்டுக்கோ, நாளைக்கு வரும்போது மறக்காம கொண்டுவந்து மாட்டிடு" என்று கொடுத்தார். எந்த சார் என்று கேட்டேன். "ஒரு சார் வருவாரு மேடம், கண்ணாடி போட்டிருப்பாரு, ஒவ்வொரு தக்காளியையும் பொண்ணு பாக்குற மாதிரி திருப்பித் திருப்பிப் பாத்து எடுப்பாரு. பை கொண்டுவராதவங்க பொழங்கட்டும்னு அவரா பை விட்டுட்டுப் போவாரு. சொல்லிக்கக்கூட மாட்டாரு, அவ்வளவு அடக்கம்" என்றார். அவராக விட்டுவிட்டுப் போகிறாரா, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். என் குரலில் என்ன இருந்ததோ, தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்த அவர் கணவர் கையிலிருந்த கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டுத் தானே விளக்க முன்வந்தார். "முதல்ல மறந்துட்டாருன்னுதான் மேடம் நெனச்சோம். சார், பை! சார், பை!ன்னு தெரு முழுக்கக் கேக்குற மாதிரி கத்துனேன். திரும்பிப் பாத்து, சிரிச்சு, கைய ஆட்டி, பை பை, நாளைக்குப் பாக்கலாம்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. சரி, நாளைக்கு வாங்கிப்பாருன்னு பாத்தா, மறுநாள் வேற பை கொண்டாந்து அதையும் வெச்சுட்டுப் போறாரு. அன்னிக்கும் பைன்னு கத்துனா அதே டாட்டா. அப்புறந்தான் எங்களுக்கே புரிஞ்சுது, வேணும்னுதான் வெச்சுட்டுப் போறாருன்னு. இப்பல்லாம் நாங்களும் பதிலுக்கு டாட்டா காட்டிடுவோம்."

நீ இதைப் படித்துவிட்டுச் சிரிப்பாய், சிரி. நான் வெங்காய மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைக்கார அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க மேடம், தல சுத்துதா" என்றார். அந்த ஸ்டூலிலும் மெத்தைக்குப் பதிலாக மடித்துப் போட்டிருந்தது நீ தைத்த பைதான். அங்கே உட்கார்ந்தபடியே என் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். காய்கடையில் பைகளை வாசல் கல்லாவில் வைத்துவிட்டு ஒன்றில் காயை வாங்குகிறார், மிச்ச இரண்டையும் அங்கேயே விட்டுவிடுகிறார். பேச்சு சுவாரசியத்தில் யாரும் செய்கிற காரியம். அடுத்த கடையில் கை வெறுமையாக இருப்பதைப் பார்த்து இவரே திடுக்கிடுகிறார், கவர் வாங்குகிறார், அடுத்ததிலும் கவர். எங்கே விட்டோம் என்று தெரியவில்லை, ஏனென்றால் விட்ட இடத்தில் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்கள், அது அவருக்கு வழியனுப்புவது போலக் கேட்டது, வாசல் கூடைகளோடு நின்றுவிடுகிறவர் கண்ணில் அந்த உள்சுவர் ஆணிகள் படவும் இல்லை. வீட்டில் பை குறைந்துவிடக் கூடாதே, நீ தைத்ததைத் தொலைத்தது தெரிந்துவிடக் கூடாதே என்று தெருமூலைத் தையல்காரரிடம் தன் சட்டைகளைக் கொடுத்து ரகசியமாகப் பை தைத்திருக்கிறார், அதையும் அங்கேயே விட்டிருக்கிறார். நான் தனித்தனி மறதி என்று எண்ணியது எல்லாம் ஒரே மறதி போட்ட குட்டிகள். முதலாண்டு மாணவி இப்படி ஒன்றையே பலவாக எண்ணிக் கொண்டுவந்தால் நான் சிவப்பு மையில் சுழித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து அவரை உட்காரவைத்துச் சொன்னேன். கடைக்காரர் கத்தியது, இவர் கையாட்டியது எல்லாம். முதலில் அவருக்குப் புரியவில்லை. "பைன்னா பையா?" என்றார். ஆமாம், பைதான் என்றேன். "அவங்க என்னப் பத்தி என்ன நெனச்சிருப்பாங்க" என்றார். பெரிய தர்மப்பிரபு என்று நினைக்கிறார்கள் என்றேன். சிரிக்கத் தொடங்கினார், கொஞ்ச நேரத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார், "அண்ணனுக்கு வந்தப்போ அண்ணனுக்கே தெரியல. எனக்குத் தெரியுதேன்னு நெனச்சு நெனச்சு பயந்துட்டேன். உன்னை யாருன்னு கேட்டுடுவேனோன்னு பயந்துட்டேன்." இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஒரு வீட்டில் இருக்கிறோம், இந்த மாதிரி ஒரு வாக்கியம் அவர் என்னிடம் சொன்னதில்லை. எனக்கும் இந்த மாதிரிப் பேச்சுக்குப் பதில் சொல்லத் தெரியாது. "கேட்டா சொல்லிட்டுப் போறேன்" என்றேன். அதற்கு அவர் "நீ பாதிதான் சொல்லுவே" என்றார். உன்னிடமிருந்து தொற்றியிருக்கிறது.

ஆனாலும் ஒரு சிரிப்பு மருத்துவச் சான்று ஆகாது என்று அவரைப் புதன்கிழமை வலுக்கட்டாயமாக மருத்துவரிடம் கூட்டிப்போனேன். வார்த்தைகள் சொல்லித் திருப்பிக் கேட்டார்கள், கடிகாரம் வரையச் சொன்னார்கள். உன் அப்பா முள்ளின் நீளத்துக்கும் தடிமனுக்கும் அளவு குறித்து வரைந்து கொடுத்தாராம், மருத்துவர் அதை மேசையில் வைத்துக்கொண்டார். ஞாபகத்தில் எந்தக் குறையும் இல்லை, இந்த வயதுக்குத் தேவைக்கு மேலேயே இருக்கிறது, இடது காது மட்டும் கொஞ்சம் மந்தம், கூட்டத்தில் பேச்சு பாதிதான் விழும் என்றார். குடும்பத்தில் இந்த நோய் இருப்பதால் வருஷத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துக்கொள்ளச் சொன்னார். இவ்வளவுதான், ஒரு வரி குறைக்கவில்லை. பத்து வருஷம் கழித்து என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன், அது யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்காக, இரண்டு வருஷம் காத்திருந்து கிடைத்த அந்த மண் ஆய்வுக்கூடத்து வேலையை விடுவது மட்டும் சரியில்லை என்று தெரியும்.

பைகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றேன், அப்பா மாட்டேன் என்கிறார். "தர்மப்பிரபுன்னு பேர் வந்தாச்சு, இப்பப் போய் என் பையக் கொடுன்னு கேக்கச் சொல்றியா" என்கிறார். இப்போது நிஜமாகவே விட்டுவைக்கிறார். காய்கடையில் கவர் வாங்கும் செலவு குறைந்துவிட்டது என்று கடைக்கார அக்கா சொன்னார், எவ்வளவு என்று நான் கேட்டதற்குச் சிரித்தார், அதனால் அதை நான் நிரூபணமாக எடுத்துக்கொள்ளவில்லை. சில பைகள் திரும்பி வருவதில்லை, ஒன்று மீன் நாற்றத்தோடு வந்ததாம். மளிகைக்கடைக்காரரும் தன் கடைக்கு இரண்டு பை கேட்டிருக்கிறார், அதற்குள்ளும் கவர் விரிப்பாரோ என்று எனக்குச் சந்தேகம். அப்பாவிடம் நல்ல சட்டை மூன்றுதான் மிச்சம், பீரோவைப் பூட்டிச் சாவியை நான் வைத்திருக்கிறேன்.

இனி உன் விஷயம். அந்த ராஜினாமாவைக் கிழித்துப் போட்டுவிடு. நாளைக் காலையில் வழக்கம் போல வேலைக்குப் போ, நேரத்துக்குச் சாப்பிடு, அறையிலேயே அடைந்து கிடந்து எதையாவது யோசித்துக்கொண்டிருக்காதே. அப்பாவிடம் உனக்கு எழுதப் போகிறேன், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். "என்னைப் பாத்துக்க வராதேன்னு எழுது. என்னோட சண்டை போட வரச் சொல்லு" என்றார். விடுமுறை எப்போது என்று கேட்காதவர் போல நாள்காட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தார். விடுமுறைக்கு வா, முழு விடுமுறைக்கும் வா. வரும்போது எங்களுக்கு எதையும் பெட்டியில் போட்டுப் பளபளக் காகிதம் சுற்றிக் கொண்டுவராதே, உன் துணிமணிக்கு நடுவே வைத்து எடுத்துவந்தால் போதும். அப்பாவிடம் பேசும்போது வலது பக்கம் உட்கார்ந்து பேசு, காது மந்தம் என்று நான் சொன்னதாகச் சொல்லாதே, அவர் இன்னும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. உன் உடம்பும் மனசும் திடமாக இருக்கட்டும், எடுத்த வேலை நல்லபடியாகக் கைகூடட்டும், எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. கடைசியாக ஒன்று. உன்னை வழியனுப்பவோ கூட்டிவரவோ நான் ஸ்டேஷனுக்கு வந்ததே இல்லை, அங்கே நின்று அழுவது எனக்குப் பிடிக்காது. வேலையை விட்டுவிட்டு வந்தாயானால் கதவைத் திறக்க மாட்டேன். விடுமுறைக்கு வந்தாயானால் அப்பாவுக்கு முன்னால் பிளாட்பாரத்தில் நான் நிற்பேன்.

இப்படிக்கு,
எதையும் முழுங்காமல் எழுதிய
அம்மா